வால் வெச்ச ஹெல்மெட்

இல்லீங்க, மேல வெக்க முடியாது. கண்டக்டரும் ரெண்டு தடவை சொல்லிட்டாரு, மேல வையுங்க, மேல வையுங்கன்னு. மேல வெச்சு எவனோட மூட்டையாவது சாஞ்சுதுன்னா இதோட வால் போச்சு. வால் போச்சுன்னா இது வெறும் சட்டிங்க. மடியிலயே இருக்கட்டும். உங்களுக்கு இடிக்குதுங்களா? சித்த அக்கட்ட திருப்பி வெச்சுக்கறேன்.

ஹெல்மெட்டுதானுங்க. பைக்குக்குப் போடறது இல்ல, சைக்கிளுக்கு. சிரிங்க, பரவால்ல. எங்க மாமனாரு இதைப் பாத்துட்டு வெட்டுக்கிளித் தலையாட்டம் இருக்குதுன்னாரு. ஈரோட்டுல ஒருத்தரு இதை வாங்கிக்கறேன்னிருக்காரு, அவரு பையன் ரேஸ் ஓட்டறான். அப்படியே எங்க சைக்கிள் சங்கத்துச் செக்ரட்டரியைப் பாத்து இந்த லெட்டரையும் குடுத்துட்டு வந்தர்லாம்னு கெளம்பிட்டேன்.

என் பேரு சென்னியப்பன். கோயமுத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனில டெஸ்டிங் பாக்கறேன், இருபத்திநாலு வருசமாச்சு. மக சம்யுக்தா, பதினேழு வயசு, ரேஸ் ஓட்டறா. அடுத்த மாசம் நேஷனல்ஸ். தமிழ்நாட்டு டீம்ல நாலு பொண்ணுங்க, அதுல எம்பொண்ணும் ஒருத்தி. பெருமைதானுங்க, இல்லேங்கல. ஆனா அங்க ஒவ்வொருத்தர் பின்னாடியும் ஒரு கார் வரும். பஞ்சர் ஆச்சுன்னா வேற சக்கரம் குடுக்க. அந்தக் கார்ல கோச்சு மாஸ்டர் போக வீட்டாளு ஒருத்தர் உக்காந்துக்கலாம்னு சொல்லிட்டாங்க. அதுக்கு ஒரு ஃபாரம். அந்த ஃபாரத்துல எம்பொண்ணு யாரு பேரை எழுதியிருக்கா தெரியுங்களா? அவங்கம்மா பேரை.

சாந்தாமணிங்க. சாந்தாமணிக்கு சைக்கிள்ல ஏறவே தெரியாது. கியர்னா என்னன்னு கேட்டா பல்லுச் சக்கரம்பா, அதோட சரி. ஏழு வருசமா காலையில நாலே முக்காலுக்கு எந்திரிச்சு அந்தப் புள்ள பின்னாடி ஸ்கூட்டர்ல போனது நான். செயினைக் கழுவுனது நான். எந்த டயருக்கு எவ்வளவு காத்துன்னு ஜுரத்துல கெடந்தாலும் சொல்லுவேன். சாந்தாமணி இட்லி கட்டிக் குடுத்தா. இட்லியும் வேணும், வேண்டாங்கல. ஆனா பேரு? அந்த ஃபாரத்தைப் பாத்துட்டு, உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, பாத்ரூம்ல போய் அழுதுட்டு வந்தேன்.

இது என்ன பண்ணும்னு கேக்கறீங்களா? சொல்றேன். ரோட்டுல சைக்கிள் ஓட்டறவங்களுக்கு எதிரி மேடு கெடையாதுங்க, காத்து. கடைக்குப் போயிட்டு வர்ற வேகத்துல தெரியாது. முப்பதைத் தாண்டிப் பாருங்க, மிதிக்கறதுல முக்காவாசி காத்தைத் தள்றதுக்கே போயிரும். ஒடம்புல அந்தக் காத்துல மொதல்ல போய் மோதறது எது? தலை. சாதா ரவுண்டு ஹெல்மெட்டுல ஓட்டை ஓட்டையா இருக்கும், தலைக்குக் காத்து வரட்டும்னு. அதுல பூந்த காத்து உள்ளயே சுத்தி, பின்னாடி வந்து முதுகுக்கு மேல கொழம்பி நின்னு ஆளைப் புடிச்சு இழுக்கும். இதைப் பாருங்க. முன்னாடி வழுவழுன்னு இருக்குதா, காதை மூடுதா, பின்னாடி வால். காத்து நெத்தியில பட்டு வழுக்கிட்டே வந்து வால் வழியா முதுகுல எறங்கிப் போயிரும். பைப்லைன்ல வளைவைக் கொறச்சா தண்ணி எப்படி ஓடும், அந்த மாதிரி.

ஒரே கண்டிசன், தலை அசையக் கூடாது. குனிஞ்சு தரையைப் பாத்தா வால் மேல தூக்கிக்கும். பக்கத்துல திரும்புனா வால் குறுக்க நின்னு காத்தை வாங்கும். அப்ப இதுக்கு அந்த ரவுண்டே தேவலைங்க. இதை அவகிட்ட ஒரு நாளைக்கு இருவது தடவை சொல்லியிருப்பேன்.

விக்கறவன் சொன்னதை நம்பி வாங்கற ஆளு நானில்லீங்க. எங்க கம்பெனில ஒரு பழக்கம். ஒரு பம்ப் சரியா தண்ணி எடுக்கலைன்னா எல்லாத்தையும் கழட்டிப் போட மாட்டோம். ஒரு தடவைக்கு ஒண்ணே ஒண்ணை மாத்துவோம், மத்தது பூரா அப்படியே இருக்கணும். எதை மாத்துனப்ப ரிசல்ட் மாறுதோ அதுல விசயம் இருக்குது. பாப்பாவுக்கும் அதேதான் பண்ணேன். ஞாயித்துக்கெழம விடியக்காலம், மேம்பாலத்து உச்சியில இருந்து மிதிக்காம உருண்டு வரச் சொன்னேன். நான் கீழ, அந்தக் கடைசியில நின்னுக்கிட்டேன். சைக்கிள் எங்க நிக்குதோ அங்க சாக்பீஸ்ல ஒரு கோடு. ரவுண்டுல அஞ்சு தடவை, இதுல அஞ்சு தடவை. இது பதினோரு மீட்டர் தள்ளிப் போய் நின்னுச்சுங்க, சராசரியா. இருவது கிலோமீட்டர் ரேஸுக்குக் கணக்குப் போட்டா இருவது செகண்டு மிச்சம். அன்னைக்குப் பத்துத் தடவையும் அவ தலை ஒரு இம்மி அசையலை. அவ்வளவு தூரத்துல நின்னும் எனக்கு நல்லாத் தெரிஞ்சுது.

எப்படியிருக்குது சாமின்னு கேட்டேன். காத்துச் சத்தம் மட்டுந்தான்ப்பா, வேற ஒண்ணுமே கேக்கலைன்னா. அடடா, அது செரமமாச்சேன்னேன். இல்லப்பா, நல்லாருக்குன்னு சொல்லிட்டுச் சிரிச்சா. புள்ளைக அப்படித்தானுங்க, நாம ஆசைப்பட்டு வாங்கிக் குடுத்ததைக் கொறை சொல்லாதுக. காது கேக்கலைன்னா நாமதான் சத்தத்தைக் கூட்டிக்கோணும்னு நான் மனசுல வெச்சுக்கிட்டேன்.

டீமுக்கு ஆளெடுக்க வெச்ச மொத டிரையல் சூலூர் தாண்டி பைபாஸ்ல. பத்து கிலோமீட்டர் போகணும், திரும்பி பத்து வரணும். ஒவ்வொருத்தரா விடுவாங்க, கடியாரத்தோடதான் போட்டி. மொத நாலு பேருக்கு டீம்ல எடம். எம்மச்சினன் லோகநாதன் கார் ஓட்டறான், முன்சீட்டுல டொமினிக் மாஸ்டர், பாப்பாவோட கோச்சு. நான் பின்சீட்டுல, கண்ணாடியை எறக்கிட்டுப் பாதி ஒடம்பு வெளிய. மொத ரெண்டு கிலோமீட்டர் நல்லாத்தான் போனா. அப்பறம் லேசா தலை குனியற மாதிரி எனக்குத் தோணுச்சு. தலை, தலைன்னு கத்துனேன். திரும்பிப் பாக்கறா. எனக்கு ஆத்திரம். திரும்பாதேன்னு கத்துனேன். மறுபடி திரும்பறா. ஏம்ப்பான்னு கேக்கற மாதிரி ஒரு பார்வை. திரும்பாத சாமி, வால், வாலு காத்துல நிக்குதுன்னு தொண்டை கிழியக் கத்தறேன், அவ என்னடான்னா காதை இந்தப் பக்கம் குடுத்து ஒருக்களிச்சுட்டே மிதிக்கறா. போக மிச்ச எட்டும் இப்படி, வர பத்தும் இப்படி. டொமினிக் மாஸ்டர் கையைப் பின்னாடி நீட்டி நீட்டி என் முட்டியைத் தட்டறாரு. அவருக்கும் உற்சாகம் வந்துருச்சுன்னு நெனச்சு நான் இன்னும் கத்துனேன்.

அஞ்சாவதா வந்தா. ஒம்போது செகண்டுல போச்சுங்க எடம். ஒம்போது செகண்டுன்னா என்ன, நீங்க இந்தச் சன்னலைத் தொறந்து மூடற நேரம்.

சத்தமாப் பேசறேனுங்களா? முன்சீட்டுக்காரரு மூணாவது தடவையா திரும்பிப் பாக்கறாரு. மன்னிச்சுக்கங்க அண்ணா, பழக்கதோசம்.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து அவளை நான் நல்லாத் திட்டிட்டேன். அவ தட்டுல இருந்த சோத்தை அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சுப் போனா. சாந்தாமணி என்னைப் பாத்த பார்வை இருக்குதே, நான்தான் போய் ஒம்போது செகண்டைத் திருடிட்டு வந்த மாதிரி. மாஸ்டர் காருக்குள்ள போனை ஒட்டி வெச்சு வீடியோ எடுத்திருந்தாரு. மறுநாள் அதை எனக்கு அனுப்பிட்டு, ஒருக்கா பாருங்க சென்னியப்பண்ணே, சத்தத்தோட பாருங்கன்னாரு. பாத்தேன். மொதல்ல சத்தமில்லாம, எண்ணறதுக்காக. நாப்பத்தோரு தடவை தலையைத் திருப்பியிருக்கா. நாப்பத்தோரு தடவைங்க. அப்பறம் சத்தத்தோடயும் பாத்தேன்.

என்ன கேட்டீங்க? நான் கத்துனது மொதல்லயா, அவ திரும்புனது மொதல்லயா? நான்தானுங்க மொதல்ல. நான் கத்தறேன், ரெண்டு செகண்டுல அவ திரும்பறா. நாப்பத்தொண்ணும் அப்படித்தான். அதைத்தானே சொல்றேன், சொன்ன பேச்சைக் கேக்கறதில்லை. திரும்பாதேன்னு சொன்ன ஒடனே எந்தப் புள்ளையாவது திரும்புமா?

அப்பறம் தெய்வாதீனமா மறு டிரையல் வெச்சாங்க. மொத நாள் கடைசியில ஓட்டுன புள்ளைக மழையில மாட்டி ரெண்டு பேரு விழுந்துட்டாங்க, அதனால எல்லாருக்கும் இன்னொருக்கா. அதே ரோடு. என்ன கெரகமோ பாருங்க, ஏழு வருசத்துல அவ ஓட்டுன ஒரு ரேஸை நான் விட்டதில்லை, அன்னைக்கு விடியக்காலம் எனக்குக் கல்லடைப்பு. சுருண்டுட்டேன். ஆஸ்பத்திரியில சேத்து ஊசி போட்டு, கையில டியூப். சாந்தாமணி எனக்குத் துணைக்கு இருந்துட்டா, லோகநாதன்தான் எங்களைக் கொண்டுபோய்ச் சேத்தான், அதனால பின்னாடி போக காரும் இல்லை. பாப்பா மாஸ்டரோட பைக்ல போனா. மாஸ்டரும் ஸ்டார்ட்டுலயே நின்னுக்கிட்டாரு. இருவது கிலோமீட்டரும் அந்தப் புள்ள தன்னந்தனியா.

பாப்பா ரெண்டாவதா வந்துட்டா. மொத தடவையை விட அம்பத்தோரு செகண்டு கொறைச்சு.

சந்தோசந்தானுங்க, ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துட்டு நர்சுக்கெல்லாம் சொன்னேன். ஆனா எனக்கு ஒரு கொடைச்சல். மாஸ்டருக்குப் போன் போட்டேன். ஹெல்மெட் எதுங்க? அதே வால் ஹெல்மெட்தான். சக்கரம்? அதேதான். டயர்ல காத்து? அதே அளவு. சாப்பாடு? அதே ரெண்டு இட்லி. எதிர்க்காத்து? அதே மாதிரிதான் அடிச்சுது. அப்பறம் எப்படீங்க? ஒண்ணையும் மாத்தாம ரிசல்ட் மாறுமா? எங்க கம்பெனி டெஸ்டிங்ல இப்படி ஒரு ரிசல்ட் வந்தா நான் கையெழுத்தே போட மாட்டேன்.  மாஸ்டரு, நல்லா ரெஸ்ட் எடுங்கண்ணேன்னு வெச்சுட்டாரு.

ஆமாங்க, லோகநாதனும் இதையேதான் சொன்னான். மாமா, நீங்க போகலை, அது ஒண்ணு மாறியிருக்குதேன்னு. நான் சொல்றதும் அதுதானுங்க. நான் போகாமயே அம்பத்தோரு செகண்டுன்னா, நான் போயிருந்தா எவ்வளவு ஆயிருக்கும்?

சிரிக்கறீங்க. நான் ஒண்ணும் வெளையாட்டுக்குச் சொல்லலீங்க. அன்னைக்கு நெசமாவே அப்படித்தான் நெனச்சேன். அப்பறந்தான் இந்த ஃபாரம் வருது, அவ அம்மா பேரை எழுதறா. ஏஞ்சாமி இப்படின்னு அவகிட்ட நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேக்கலை. எனக்கு ரோசம். போன சனிக்கெழம நானே ஒரு லெட்டர் எழுதுனேன். பின்னால் வரும் காரில் தாயாருக்குப் பதிலாகத் தந்தை வர அனுமதிக்கவும்னு. ஓட்டறவங்களும் கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும். திங்கக்கெழம காலையில அவ இட்லி தின்னுட்டு இருந்தப்ப தட்டுப் பக்கத்துல வெச்சேன்.

சண்டை புடிப்பான்னுதான் பாத்தேன். பதில் சொல்றதுக்கு ராத்திரியெல்லாம் யோசிச்சு நாலு பாயிண்ட் தயாரா வெச்சிருந்தேன். ஒண்ணுக்கும் வேலையில்லாம போச்சு. படிச்சா. கையைக் கழுவித் தொடைச்சுட்டு வந்து கையெழுத்துப் போட்டா. அப்பறம் உள்ள போய் இந்த ஹெல்மெட்டைக் கொண்டாந்து மேஜை மேல வெச்சா.

"இது வேண்டாம்ப்பா. யாராவது கேட்டாக் குடுத்துருங்க. நான் ரவுண்டையே போட்டுக்கறேன்."

"ஏஞ்சாமி, இறுக்குதா? வேர்க்குதா?"

"இல்லப்பா. நீங்க கார்ல வர்றீங்கல்ல. ரவுண்டுல காது தொறந்திருக்கும். நீங்க சொல்றது திரும்பாமயே கேக்கும்."

கோவமா சொல்லலைங்க. கோவமா சொல்லியிருந்தா பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசி அதோட முடிஞ்சிருக்கும். அப்பனுக்குத் தோதா இருக்கட்டும்னு நெசமாவே யோசிச்சு சொன்னா. பையை மாட்டிட்டு ஸ்கூலுக்குப் போயிட்டா.

இருவது செகண்டுங்க. மேம்பாலத்துல கோடு போட்டு நான் கண்டுபுடிச்ச இருவது செகண்டு. நேஷனல்ஸ்ல அதுல ஆறு எடம் போயிரும், மெடலே போயிரும். அதை ஒரு வார்த்தையில விட்டுட்டுப் போறா. ஏன்? நான் பின்னாடி உக்காந்து கத்தறதுக்காக. அன்னையில இருந்து எனக்குச் சோறு எறங்கலை. அன்னைக்கு மத்தியானமே ஈரோட்டுக்குக் கெளம்புனேன், காந்திபுரத்துல பஸ்ஸைப் பாத்துட்டு ஏறாம நின்னுட்டேன். நேத்து அவிநாசி வரைக்கும் வந்து, தலைவலிக்குதுன்னு எனக்கு நானே சொல்லிட்டுத் திரும்பிப் போனேன். இன்னைக்கு உங்க பக்கத்துல உக்காந்தாச்சு.

கேளுங்க, பரவால்ல. கார்ல போய்ப் பேசாம உக்காந்திருக்கறதுதானேன்னா? முடியுமுங்களா? ஒவ்வொரு ரேஸுக்கும் அப்படி நெனச்சுட்டுத்தான் போறேன். இருபத்திநாலு வருசமா ஓடற மோட்டாருக்குப் பக்கத்துல நின்னு கத்தியே பேசிப் பழகுன வாயிங்க இது. அவ முதுகு வளைஞ்சு போறதைப் பாத்தா, விழுந்துருவாளோ, தோத்துருவாளோ, தோத்தா அழுவாளோன்னு வாய் தானாத் தொறந்துக்குது. என்னால முடியாதுங்க. அது எனக்கே தெரியும். தெரியாத மாதிரி ஒரு மாசம் ஓட்டிட்டேன்.

பெருந்துறை வந்துருச்சா? நீங்க எறங்கோணுமா? சரிங்க. இருங்க, காலை மடக்கிக்கறேன். இல்ல, வேண்டாம், நானும் எறங்கிக்கறேன். ஈரோட்டுக்கு இன்னும் முக்கா மணி நேரமாவது இருக்குதுங்க. எதுத்தாப்புல நின்னா கோயமுத்தூர் பஸ் வரும், ஸ்கூல் விடறதுக்கு முன்னாடி போயிரலாம். இதை வாங்கறேன்னவருக்குப் போன் பண்ணி இல்லைன்னு சொல்லிக்கறேன். இதைச் சித்தப் புடிங்க, வாலைத் தொடாம. லெட்டரு பாக்கெட்டுலயே கெடக்கட்டும்.

உங்களுக்காகவும் இல்லீங்க, மச்சினன் சொன்னதுக்காகவும் இல்லீங்க. இந்த ஹெல்மெட்டுக்காகத்தான். பத்துத் தடவை டெஸ்ட் பண்ணிப் பாத்த பொருளு, நல்ல பொருளு, வீணாப் போகக் கூடாது. சாந்தாமணியே போகட்டும். கார்ல ஏறுனா அவளுக்குக் கொமட்டும். எலுமிச்சம்பழத்தை மூக்குல வெச்சுட்டுக் கண்ணை மூடி உக்காந்தான்னா, ரேஸ் முடியற வரைக்கும் அவ வாயில இருந்து ஒரு சத்தம் வராதுங்க.